இறந்தவர் வெங்காயம் வாங்கினார்

போன செவ்வாய்க்கிழமை காலை சிஞோரா நுன்சியா காலமானார். அன்று மத்தியானமே பல்கனிக்கு வந்து, கூடையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கி, ஒரு கிலோ வெங்காயம் வாங்கினார்.

இரண்டுக்கும் இடையில் நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். காஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க, பஸ்சிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிற ஆள். வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் இருமிவிட்டேன், அதற்காக விசாவை மறுத்துவிடுவார்களோ என்று ஒரு மாதம் தூங்காத ஆள். இப்படி முன்யோசனை உள்ள ஒருவன் செய்த வேலையில் பிழை வருமா? வராது என்றுதான் நானும் நம்பினேன்...

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பலெர்மோவில், சீசாக் கோட்டைக்கு அப்பால், ஐந்து மாடிக் கட்டடங்கள் நான்கு சேர்ந்து நடுவில் ஒரு முற்றத்தை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. லிஃப்ட் கிடையாது. இதற்குப் பெயர் ‘புது வீடுகள்’. கட்டி முக்கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. பல்கனிக் கொங்கிரீட் தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ஆனாலும் புது வீடுகள்தான். பலெர்மோவில் ஒரு பெயரை வைத்துவிட்டால் அதை எடுப்பதற்கு ஒரு கமிட்டி வேண்டும். கமிட்டியை அமைப்பதற்கு இன்னொரு கமிட்டி வேண்டும்.

அவர்களுடைய பெரிய யுத்தத்தில் துறைமுகப் பக்கம் குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. நுன்சியா அப்போது துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோவில் கைக்குழந்தை. வீடு போனபின் அந்தக் குடும்பம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, வேறு குடும்பங்களோடு வருடக்கணக்கில் இருந்தது. அங்கேதான் அவர் நடை பழகினார்.

இந்தக் கதையை அவர் எனக்கு முதன்முதலில் சொன்னபோது நான் எங்கள் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான். ‘ஏன் ஏழாம் வகுப்போடு நின்றீர்கள்?’ என்று வாசகர்கள் சிலர் கேட்பதுண்டு. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடவில்லை, ஐயா. வன்னியில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குடியிருந்தேன். வரவு நூறு வீதம். படிப்புத்தான் இல்லை.

“எந்தப் பக்கம் படுத்தனீங்கள்?” என்று கேட்டார் சிஞோரா.

“யன்னல் பக்கம்.”

“நாங்கள் கரும்பலகைப் பக்கம். குளிர் குறைவு,” என்றார்... ஏதோ முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிப் போனவர் மாதிரி.

(சிஞோரா பேசுவது சுத்தமான சிசிலியன். அதை நான் எங்கள் வாய்ப்பேச்சில்தான் எழுதுகிறேன். இலக்கணத் தமிழில் எழுதினால் அவர் மன்னிக்க மாட்டார்.)

பிறகு அரசாங்கம் சாவி கொடுத்தது. வீடு இருந்தது, ரோடு இல்லை. சேற்றுக்குள் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு குடிவந்தார்கள். குளிக்கிற தொட்டி என்ற ஒன்றை அவருடைய அம்மா அங்கேதான் முதன்முதலில் பார்த்தார். அதற்குள் மண்ணைப் போட்டுத் துளசி மாதிரி மணக்கிற அவர்களுடைய பசிலிக்கோவை வளர்த்தார். பஸ் வரவில்லை. பெண்கள் எல்லோரும் சமையலறைக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய் பெரிய ரோட்டின் நடுவில் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்களாம். பட்டாணி உரித்து முடிவதற்குள் அதிகாரி வந்துவிட்டாராம். இப்போதும் பஸ் தாமதமாகும் போதெல்லாம் சிஞோரா கதிரையைத்தான் பார்க்கிறார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். வளர்ந்த கையோடு டூரினுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். போகும்போது சாவியை நுன்சியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாவிகள் தொங்கின, வீடுகள் தூங்கின. அப்போதுதான் நாங்கள் வந்தோம் – இன்னொரு யுத்தத்தின் மிச்சம். இந்தக் கட்டடத்தில், சி படிக்கட்டில் ஒவ்வொரு வீடாகத் திறந்து எங்களைக் குடிவைத்தவர் நுன்சியாதான். உடனே குடியிருப்பின் அசெம்பிளேயா, அதாவது பொதுக்கூட்டம், கூடியது. பொருள்: மிளகாய்த்தூள் வறுக்கும் மணம். பாதி நாள் கத்தினார்கள். முடிவு: மறுபடி கூடுவது. இன்னும் கூடவில்லை. எங்கள் மிளகாய்த்தூள் இன்றைக்கும் சட்டப்படி நிலுவையில் இருக்கிறது.

இன்று சி படிக்கட்டில் மூன்றாம் மாடியில் நுன்சியா. மற்றதெல்லாம் நாங்கள்.

அந்த நுன்சியாவைத்தான் இந்த மாதக் கடைசியில் கூட்டிப்போவதாக இருந்தது.

மகன் சால்வோ வடக்கே டூரினில் இருக்கிறார். நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் போன் எடுப்பார். நேரில் வந்தது தகப்பனின் அடக்கத்துக்கு. அதற்குப் பிறகு போன்தான். அங்கே தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் காப்பகத்தில் தாய்க்கு இடம் பார்த்துவிட்டார். என் மனைவி ஜெயா காலையில் சிஞோராவைக் கவனிக்கிற வேலை செய்கிறாள். போனை ஸ்பீக்கரில் போடுவதும் அவள் வேலைதான். அதனால் எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

“அம்மா, அந்தப் படிக்கட்டிலை இப்ப உனக்கு ஆர் இருக்கினம்? எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நாளைக்கு நீ விழுந்தால் ஆர் பாக்கிறது?”

சிஞோரா போனை வைத்தபின் ஜெயாவிடம்தான் சொல்வார்:

“அங்கை மூடுபனியாம். முற்றத்திலை ஆர் சண்டை பிடிக்கினமெண்டு பாக்கவும் ஏலாதாம். நான் போகமாட்டன், ஜெயா. ஆனால் அவன் வந்து கையைப் பிடிச்சால் போயிடுவன். அதுதான் பயம்.”

நான் கவலைப்பட ஆரம்பித்தேன். அவருக்காக என்றால் பாதிப் பொய். ஜெயாவின் வேலை போகும், வேலை போனால் பெர்மெசோ, பெர்மெசோ போனால்... சரி, விடுங்கள். என் கவலைகளுக்கு லிஃப்ட் தேவையில்லை, தானாகவே மாடி ஏறும்.

இந்த நேரத்தில்தான் வரலாறு வந்தது.

‘புது வீடுகளின் வரலாறு’ என்று ஒரு விழா. ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில். நடத்துகிறவர் ஒரு கட்டடக் கலைஞர். வெள்ளை லினன் சட்டை. இந்தக் குடியிருப்பில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை; அதனால் இதைப் பற்றி எல்லாம் தெரியும். பெரிய பெரிய பலகைகளில் படங்களும் விளக்கங்களும். யுத்தம், கட்டுமானம், ‘மனித அளவிலான திட்டமிடல்’, பிறகு ஒரு நீண்ட வெற்றிடம், கடைசிப் பலகை: ‘இன்று – பல்லினக் குடியிருப்பு’. அதற்குக் கீழே ஒரேயொரு புகைப்படம். உற்றுப் பார்த்தேன். கொடியில் காய்கிற என் பனியன்!

இருபது வருடம் இருந்ததற்கு வரலாற்றில் ஒரு பனியன் அளவு இடம்.

“ஒவ்வொரு படிக்கட்டும் தன்னைப் பற்றி ஒரு போஸ்டர் வைக்கவேண்டும். நீங்களும் ஏதாவது... வண்ணமயமாகச் செய்யுங்களேன்,” என்றார் கட்டடக் கலைஞர். எங்களைப் பார்த்தால் அவருக்கு வண்ணமயம்தான் ஞாபகம் வருகிறது.

வண்ணமயம் என்றால் எங்களுக்கு ரமணன்தான். நாலாம் மாடி. மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்டோரன்ட்டில் கோப்பை கழுவுகிறான். மிச்ச நேரத்தில் பலெர்மோத் தமிழர்களின் பிறந்தநாள், கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்தியவீடு, நினைவஞ்சலி எல்லாவற்றுக்கும் கொம்ப்யூட்டரில் போஸ்டர் அடிப்பவன்.

“அண்ணை, படிக்கட்டைப் படம் எடுத்துப் போட்டால் ஆர் பாப்பினம்? சிஞோராவின்ரை படத்தைப் போடுவம். அவதானே படிக்கட்டு!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல யோசனை! சிஞோராவுக்கும் ஜெயாவுக்கும் சொல்லாமல் செய்வோம், ஆச்சரியப்படட்டும் என்றேன்.

“எந்த டிசைன், அண்ணை? கலியாணத்துக்கு ரெண்டு படம் வேணும். சாமத்தியவீட்டுக்கு மயில் வரும். பிறந்தநாளுக்கு பலூன்.”

“சிஞோராவுக்கு பலூன் சரிவராது.”

“அப்ப மேகம் போடுறன். நீல வானம், ரெண்டு புறா, கீழை ஒரு மெழுகுதிரி. மரியாதையாய் இருக்கும்.”

மரியாதையாகத்தான் இருந்தது. மேகத்தின் நடுவில் நுன்சியா சிரித்தார். படத்தைச் சுற்றி அவன் ஒரு மல்லிகை மாலையும் போட்டிருந்தான். நான்தான் எடுக்கச் சொன்னேன். மாலை போட்ட படம் என்றால் செத்தவர் என்று ஆகிவிடும் அல்லவா? அதுபோல, கரை கறுப்பில் இருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். இத்தாலியர் சாவு நோட்டீசுக்குக் கறுப்புக்கரை போடுவார்கள். ஊதாக்கரை போட்டான். படத்துக்குக் கீழே சிஞோரா இங்கே குடிவந்த வருடம், ஒரு கோடு, இந்த வருடம். அதற்குக் கீழே இத்தாலியனில் நானே எழுதிய வாசகம்: ‘நுன்சியா. சி படிக்கட்டின் தாய். என்றும் எங்கள் நெஞ்சில். நன்றியுடன், சி படிக்கட்டுக் குடும்பங்கள்.’

எழுத்துப்பிழை இருக்குமோ என்று கவலைப்பட்டேன். மழை வந்தால் மை கரையுமோ என்று கவலைப்பட்டேன். போஸ்டர் ஒட்ட நகரசபையிடம் முத்திரை வாங்க வேண்டுமோ என்று கவலைப்பட்டேன். மற்றப் படிக்கட்டுக்காரர் பொறாமைப்படுவார்களோ என்றும்.

கவலைப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் கவலைப்பட்டேன்.

செவ்வாய் காலை வேலைக்குப் போகும் வழியில் வாசல் சுவரில் ஒட்டினேன். அந்தச் சுவரில்தான் சாவு நோட்டீஸ்கள் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன். குடியிருப்பில் எல்லோரும் நின்று வாசிக்கிற ஒரே சுவர் அதுதானே!

பொலித்தேயாமா பக்கம் ஒரு கட்டடத்தில் படி கழுவிக்கொண்டிருந்தேன். ரமணன் போன்.

“அண்ணை... சிஞோரா போயிட்டாவாம்!”

“எங்கை?”

“மேலை, அண்ணை! முற்றம் முழுக்க ஆக்கள். பூவளையம் வந்திட்டுது.”

ஜெயா அன்று காலை சிஞோராவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். கண் பார்க்கப் போன இடத்தில் மூச்சு நின்றுவிட்டதா? ஜெயாவுக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தாள். கிளினிக்கில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதுவே உறுதிப்படுத்தியது: அழுதுகொண்டிருக்கிறாள், போன் எடுக்க முடியவில்லை.

ஓடிவந்தேன். நுன்சியாவின் யன்னல் பலகைகள் மூடியிருந்தன. முற்றத்தில் கறுப்பு உடுப்பில் பெண்கள். முன் கட்டடத்தின் சிஞோரா பினா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் ஈரமாக முத்தமிட்டார். பினாவும் நுன்சியாவும் ஒரு உடுப்புக் கொடிக்காகப் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“எனக்கு அவள் கூடப்பிறந்தவள் மாதிரி!” என்று பினா ஒப்பாரி வைத்தார். “அவளைப்போல ஒரு நல்ல மனுசி இந்த முற்றத்திலை இல்லை! சால்வோவுக்கு நான்தான் போன் அடிச்சனான். பிளேனிலை வாறான், பாவம் பிள்ளை!”

வாசல் சுவரடியில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலார்தான் கொண்டுவர வேண்டும் – இது நம் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். சிசிலியிலும் அதேதான். ‘கூன்சுலு’ என்பார்கள். அடுப்பில் சுட்ட பாஸ்தா ஒரு தட்டு, கத்தரிக்காய் ஒரு சட்டி. எங்கள் ஆட்களும் சளைக்கவில்லை: சோறும் பருப்பும் ஏற்கெனவே இறங்கியிருந்தது. வெங்காயம் விற்கிற கார்மெலோ தன் மூன்று சில்லு வண்டியின் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் போஸ்டருக்கு முன்னால் போய் நின்றேன். என்ன நினைத்தேன் தெரியுமா? இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘கண்ணூறு பட்டுவிட்டது, படம் போட்டிருக்கக்கூடாது’ என்று நினைத்தேன். அதற்கடுத்து, ‘என்ன பொருத்தம், போஸ்டர் தயாராக இருந்ததே’ என்று நினைத்தேன்.

“நல்லவேளை, அண்ணை, முதலே அடிச்சம்,” என்றான் ரமணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டு பேர். நான்கு கண்கள். ஒரு போஸ்டர். இப்படித்தான் வரலாறு எழுதப்படுகிறது!

அப்போது மூன்றாம் மாடியில் யன்னல் பலகை சரசரவென்று மேலே ஏறியது.

முற்றம் நிமிர்ந்தது. ஒரு கை வந்தது. ஒரு கூடை வந்தது. கயிறு விட்டு விட்டு இறங்கி, கார்மெலோவின் தொப்பிக்கு நேரே வந்து ஆடிக்கொண்டு நின்றது.

“கார்மெலோ! ஏன் சத்தம் போடாமல் நிக்கிறாய்? ஒரு கிலோ வெங்காயம் போடு. போனமுறை தந்தது பாதி அழுகல்!”

பஸ் நிறுத்தம் பின் கேற்றுக்குப் பக்கம். ஜெயாவும் சிஞோராவும் அந்த வழியால் வந்து, முற்றத்தையும் வாசல் சுவரையும் பார்க்காமலே பின்கதவால் மேலே ஏறிவிட்டார்கள்.

யாரோ வீரிட்டார்கள். யாரோ சிலுவை போட்டார்கள். கார்மெலோ மட்டும் தொழிலைக் கைவிடவில்லை. வெங்காயத்தை நிறுத்துக் கூடையில் போட்டார். இனிமேல் அழுகல் போட அவருக்குத் துணிவு வராது.

ஜெயா கீழே இறங்கி வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இது ஆற்றை வேலை?”

“விழாவுக்கு... போஸ்டர்...”

“மேகம், புறா, மெழுகுதிரி. கோடு போட்டு ரெண்டு வருசம். ‘என்றும் எங்கள் நெஞ்சில்’. இனி என்ன மிச்சம், பெட்டியோ? ஊதா பெரிய வெள்ளிக்குக் கோயிலிலை கட்டிற நிறமெல்லே! கலியாணம் கட்டி இவ்வளவு காலம், வேதக்காரி என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே?”

“நான் மாலையை எடுக்கச் சொன்னனான்,” என்றேன். என்னிடம் இருந்த ஒரே நியாயம் அதுதான்.

சிஞோராவைக் கீழே கூட்டிவந்தார்கள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் போஸ்டரை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

“நல்ல படம். ஒருத்தரும் கிழிக்கக்கூடாது,” என்றார். பிறகு பூவளையத்தின் நாடாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். யார் அனுப்பவில்லை என்பதையும் கேட்டார். கடைசியில் பினாவின் பக்கம் திரும்பினார்.

“நீ என்னவோ சொல்லி அழுதனியாம். திருப்பிச் சொல்லு.”

“அது நீ செத்ததுக்குச் சொன்னது!” என்றார் பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உயிரோடை இருக்கிறாயெண்டால் அந்தக் கொடியை உன்ரை பக்கத்துக்கு இழு!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “சால்வோ வந்துகொண்டிருக்கிறார், சிஞோரா. உடனே போன் எடுக்க வேணும்,” என்றேன்.

சிஞோரா சிரிப்பை நிறுத்தினார்.

“வாறானா? உண்மையாவே?”

“ஓம்.”

“அப்ப ஒருத்தரும் போன் அடிக்கக்கூடாது.”

“பாவம், சிஞோரா. மகன் அழுதுகொண்டெல்லே வருவார்!” என்றாள் ஜெயா.

“அழட்டும். என்ரை செத்தவீட்டிலை அழாமல் வேறை எங்கை அழப்போறான்?”

பின்னேரம் முற்றத்தில் மேசைகள் வந்தன. கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுபோவது மரியாதை இல்லையாம். பாஸ்தாவுக்குப் பக்கத்தில் பருப்பு. நுன்சியா மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து தன் செத்தவீட்டுச் சாப்பாட்டை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. சால்வோ போலீசில் முறைப்பாடு கொடுப்பார், பெர்மெசோ கொடுக்கிற கெஸ்தூராவில் கூப்பிடுவார்கள், பெர்மெசோ... என்று மாடி ஏறிக்கொண்டிருந்தேன்.

சால்வோ வந்தார். கறுப்பு டை, கையில் சூட்கேஸ், வீங்கிய கண். வாசலில் நின்று போஸ்டரைப் பார்த்தார். கையை வைத்து அந்தப் படத்தைத் தடவினார். அதை நான் பார்த்திருக்கவே கூடாது. பிறகு முற்றத்துக்குள் திரும்பினார்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார் தாய்.

அவர் அப்படியே சூட்கேசின் மேல் உட்கார்ந்துவிட்டார். தாயின் மடியில் தலையை வைத்து, ஐம்பது கடந்த மனிதர், சிறுபிள்ளை மாதிரி விம்மினார். பிறகு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஆர் இதைச் செய்தது?”

முற்றம் முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கவனமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அதிலிருந்தே அவருக்கு விளங்கிவிட்டது.

“நான்தான்,” என்றேன். “சொல்லவந்தது வேறை...”

“இது பகிடியா? இப்படிப்பட்ட ஆக்களுக்கு நடுவிலையா, அம்மா, நீ தனிய...”

“சால்வோ,” என்றார் நுன்சியா. சத்தம் உயரவில்லை. “எல்லாரும் வந்திட்டினம். பினாவும் வந்தவள். கார்மெலோ தொப்பி கழட்டினவன். இவையள் வேலையை விட்டிட்டு ஓடி வந்தவை. நீயும் வந்தாய். அங்கை, உன்ரை மூடுபனிக்குள்ளை நான் செத்தால், எந்தச் சுவரிலை ஒட்டுவாய்? ஆர் நிண்டு வாசிப்பினம்? ஆர் ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டருவினம்?”

சால்வோ சூட்கேசை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

“நான் ஒருக்கால் செத்துப் பாத்திட்டன். இஞ்சை நல்லாய் இருந்தது. அடுத்தமுறையும் இஞ்சைதான்.”

“நாளைக்குக் கதைப்பம், அம்மா,” என்றார் சால்வோ. படித்தவர்கள் தோற்றுப்போகும்போது சொல்கிற வாக்கியம் அது.

ஆனால் மறுநாள் கதைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நுன்சியா பாத்திரங்களை எல்லாம் கழுவி அடுக்கி, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அங்கேதான் ஜெயா மூக்கை நுழைத்தாள்.

“செத்தவீட்டுப் பாத்திரமெண்டால் வெறுமையாய்ப் போகலாம். இது செத்தவீடு இல்லையே, சிஞோரா. ஏதும் போட்டுக் குடுக்கவேணும்.”

வீட்டில் இருந்தது வெங்காயம். பாத்திரத்துக்கு ஒன்று.

டூரினில் பெரிய கொம்பனியில் வேலை பார்க்கிற சால்வோ, ஒற்றை வெங்காயம் உருளுகிற சட்டியோடு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒவ்வொரு கதவிலும் உட்காரவைத்தார்கள். இத்தாலியர் வீட்டில் கோப்பி, எங்கள் வீடுகளில் பால் தேத்தண்ணி. பினா அவருடைய சின்ன வயதுக் கால்சட்டை கிழிந்த கதையைச் சொன்னார். ரமணன் வேறு டிசைன்களைக் காட்டினான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மனிதருக்கு வயிற்றில் இடமில்லை. மரியாதைக்காக இன்னொரு கப் குடித்தார்.

“போலீசுக்குப் போவீங்களோ?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“போஸ்டருக்கு.”

அவர் கப்பைத் தள்ளிவைத்தார். “பெரிய வீடு தெரியுமா, அங்கை எனக்கு?” என்றார். “பக்கத்து வீட்டுக்காரன்ரை பேர் தெரியாது.” அவ்வளவுதான். வெங்காயத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் காப்பகத்துக்குப் போன் எடுத்து, ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றாராம். ஜெயா சந்தோஷத்தில் குதித்தாள். எனக்கு ‘இப்போதைக்கு’தான் காதில் விழுந்தது. ஆனாலும் ஞாயிறு வரைக்கும் நின்றார். வரும் நத்தார்ப் பண்டிகைக்கு டிக்கெட் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவும் நடந்தது. கட்டடக் கலைஞர் ‘மனித அளவு’ பற்றி நீண்ட நேரம் பேசினார். மனிதர்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பினா ரகசியமாக ரமணனிடம் தனக்கும் ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறார். நுன்சியாவுக்கு இரண்டு புறா என்றால் தனக்கு நாலு வேண்டுமாம்.

போஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிஞோரா ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: கோட்டுக்குப் பிறகு வருகிற வருடத்தைப் பேனாவால் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். கோடு அப்படியே நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் என்ன வரும் என்று யோசித்துத் தூக்கம் கெட, குடியிருப்பில் ஒருவன் போதாதா?